மொரீஷியஸ் கற்பிக்கும் பாடம்

மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்கினால், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம் கிடப்பது தெரியும். அது ஒரு தீவு என்பதைச் சாதாரண நாட்களில் நாம் மறந்திருக்கிறோம். முக்கொம்பில் வெள்ளம் பெருகிவிட்டதென்று செய்தி வரும்போதுதான் நினைவு வருகிறது. தன்னைச் சூழ்ந்திருப்பது தன்னைவிடப் பெரிது என்பதைத் தீவில் வாழ்கிறவன் அறிவான். அதை எதிர்த்து மல்லுக்கு நிற்க முடியாது. ஆனால் நாள் தவறாமல் கரையைக் காத்து வந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பதையும் அறிவான். இந்த அறிவு ஒன்றையே முதலாக வைத்துக்கொண்டு, ஒரு சிறு தேசம் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தில் பிரிட்டனோடு வழக்காடி வென்ற கதையை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். அந்த வெற்றியில் இன்றும் தீராமல் கிடக்கும் குறையையும் சொல்லுவோம்.

அந்தத் தேசம் மொரீஷியஸ். பரப்பு சுமார் 2,040 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை சுமார் 12.5 லட்சம். நமது திருச்சி ஜில்லாவின் பரப்பு அதைப்போல் இரு மடங்குக்கு மேல். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஜனத்தொகை 27 லட்சம். ஆகவே நம் ஜில்லாவில் பாதிகூட இல்லாத ஒரு நாடு பிரிட்டனை எதிர்த்து நின்றது. பிரிட்டனுக்குப் பின்னால் அமெரிக்கா நின்றது. படையில்லை, பணமில்லை. இருந்தது ஒரே ஓட்டு. அதைக் கொண்டு பிறருடைய ஓட்டுகளைச் சேர்க்கும் பொறுமை.

நமக்கும் அத்தீவுக்கும்

மொரீஷியஸ் நமக்கு அந்நியமன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் அது பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தபோது, அதன் கவர்னராயிருந்த லா பூர்தொனே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தரையும் தச்சரையும் வரவழைத்தே துறைமுக நகரான போர்ட் லூயியைக் கட்டினான். 1746-ஆம் ஆண்டில் சென்னைப்பட்டணத்தைப் பிடித்த பிரெஞ்சுக் கப்பற்படையை நடத்தி வந்தவனும் அவனே; அப்படை அத்தீவில் ஆயத்தமானது. அந்தச் சண்டையின் தொடர்ச்சி நம் ஊர் வாயிலுக்கே வந்தது. திருச்சிக் கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். ஸ்ரீரங்கத்தைப் பாசறையாக்கிக் கொண்டிருந்த பிரெஞ்சுப் படை 1752 ஜூன் மாதத்தில் அங்கேயே ஆயுதங்களைக் கீழே வைத்தது. ஐம்பத்தெட்டு வருஷங்களுக்குப் பின், 1810-இல், மொரீஷியஸும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1814-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை அதை உறுதி செய்தது. கோட்டையையும் தீவையும் பற்றி யாரோ இருவர் பேரம் பேசினர். அவ்விடங்களில் குடியிருந்தவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். 1834 முதல் சுமார் நாலரை லட்சம் இந்தியர் அத்தீவில் இறங்கினர். சென்னை ராஜதானியிலிருந்து சென்ற தமிழரும் அவர்களில் உண்டு. அவர்களுடைய சந்ததியார் இன்றும் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கின்றனர். அன்று அங்கே பொது விடுமுறை. மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு. 1998-இல் புதிய நோட்டுகளில் தமிழின் வரிசையை மாற்றி அச்சிட்டபோது கிளர்ச்சி மூண்டு, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற நேர்ந்தது.

இன்னுமொரு தொடர்பும் சொல்லத்தக்கது. மொரீஷியஸ் தன் சுதந்திர தினமாகத் தேர்ந்துகொண்டது மார்ச் 12, ஆண்டு 1968. காந்தியடிகள் 1930-இல் தண்டி யாத்திரை புறப்பட்ட நாள் அது. அதே ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி, ஸ்ரீரங்கத்தவரான டாக்டர் டி. எஸ். எஸ். ராஜனின் திருச்சி இல்லத்திலிருந்து ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். பிடி உப்பினால் சாம்ராஜ்யத்தை அசைக்கலாம் என்று நம்பியவர்களின் ஊர் இது. ஓர் ஓட்டினால் அசைக்கலாம் என்று நம்பிய தீவினரின் செயல் இவ்வூராருக்கு எளிதில் விளங்கும்.

பறிபோன தீவுகள்

வழக்கின் விவரம் இது. மொரீஷியஸுக்கு வடகிழக்கே, ஏறத்தாழ 2,150 கிலோமீட்டர் தூரத்தில், சாகோஸ் என்னும் தீவுக்கூட்டம் இருக்கிறது. அதில் பெரியது டீகோ கார்ஷியா. அது போர்ட் லூயியைவிட நமது கன்னியாகுமரிக்கே சமீபம். இடைவெளி சுமார் 1,800 கிலோமீட்டர். பிரெஞ்சுக்காரர் காலம் முதல் மொரீஷியஸோடு சேர்த்தே இத்தீவுகள் ஆளப்பட்டு வந்தன.

இந்து மகா சமுத்திரத்தின் நடுவில் அமெரிக்காவுக்கு ஒரு ராணுவத் தளம் தேவைப்பட்டது. அதுவும் ஜனங்கள் இல்லாத தளமாக இருக்க வேண்டுமாம். 1965 செப்டம்பரில் சுதந்திரப் பேச்சுக்காக லண்டன் சென்றிருந்த மொரீஷியஸ் தலைவர் சிவசாகர் ராம்கூலத்தைப் பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்டு வில்ஸன் தனியே சந்தித்தார். தீவுகளை விட்டுக்கொடுத்தால் சுதந்திரம் கைகூடும். இல்லையேல் அது நிச்சயமில்லை என்பது பேச்சின் சாரம். அடிமையாயிருந்த நாட்டின் தலைவர் என்ன பதில் சொல்ல முடியும்? நவம்பர் 8-ஆம் தேதி சாகோஸ் பிரிக்கப்பட்டு, பிரிட்டிஷ் இந்து சமுத்திரப் பிரதேசம் என்று ஒரு புதிய குடியேற்ற நாடு உண்டாக்கப்பட்டது. மொரீஷியஸுக்குக் கொடுத்த விலை 30 லட்சம் பவுன். பிரிட்டனோ, போலாரிஸ் ஏவுகணை வாங்கியதில் அமெரிக்காவிடமிருந்து 1 கோடியே 40 லட்சம் டாலர் வரையில் ரகசியச் சலுகை பெற்றது.

உலகமெங்கும் குடியேற்ற ஆட்சிகள் கலைந்துகொண்டிருந்த காலத்தில் பிரிட்டன் புதிதாக ஒன்றைப் படைத்தது! ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை அதே டிசம்பரில் இதைக் கண்டித்துத் தீர்மானம் செய்தது, பயனில்லை. 1968 முதல் 1973 வரையில் சாகோஸ்வாசிகள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். சுமார் 1,500 முதல் 2,000 பேர் வரை இருக்கலாம். வைத்தியத்துக்காக மொரீஷியஸ் வந்தவர்கள் திரும்பப் போகக் கப்பல் இல்லை என்று நிறுத்தப்பட்டனர். தீவில் இருந்தவர்களுக்கு உணவுப் பொருள் வருவது குறைந்தது. அவர்கள் வளர்த்த நாய்களைக் கூட்டில் அடைத்து நச்சுப்புகையால் கொன்றார்கள். கடைசியில் மனிதர்களைக் கப்பலில் ஏற்றிப் போர்ட் லூயித் துறையிலும் செஷல்ஸிலும் இறக்கிவிட்டனர்.

கதவடைத்த நீதிமன்றம்

இதற்கு நியாயம் கேட்க எங்கே போவது? பாதுகாப்புக் கவுன்ஸிலில் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் ரத்து அதிகாரம் இருக்கிறது. சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகலாமென்றால், காமன்வெல்த் நாடுகளோடுள்ள தகராறுகளை அந்நீதிமன்றத்துக்கு விடுவதில்லை என்று பிரிட்டன் முன்னமே நிபந்தனை செய்து வைத்திருந்தது. காமன்வெல்த்தை விட்டே விலகி வழக்குத் தொடுப்போம் என்று 2004-இல் மொரீஷியஸ் சொல்லிப் பார்த்தது. உடனே பிரிட்டன், விலகிய நாடுகளுக்கும் அந்நிபந்தனை பொருந்தும் என்று திருத்திக்கொண்டது. பெரிய வீட்டுக்காரன் வாசற்கதவைச் சாத்தினான். புறக்கடைக் கதவையும் தாழிட்டான்.

வல்லரசுகளின் கோபம் எப்படிப்பட்டது என்பதையும் அத்தீவு அறிந்திருந்தது. 2001, 2002 ஆகிய இரு வருஷங்களிலும் மொரீஷியஸ் பாதுகாப்புக் கவுன்ஸிலில் தற்காலிக அங்கத்தினராக இருந்தது. ஈராக் விஷயத்தில் அமெரிக்காவின் நகல் தீர்மானத்துக்குப் போதிய உற்சாகம் காட்டவில்லை என்பதற்காக அதன் தூதர் ஜகதீஷ் கூன்ஜுல் 2002-இல் சொந்த சர்க்காராலேயே திருப்பி அழைக்கப்பட்டதாக அக்காலப் பத்திரிகைகள் எழுதின. அதே கூன்ஜுல் பிற்காலத்தில் மீண்டும் நியூயார்க் வந்து சாகோஸ் வழக்கை நடத்தினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடைத்த கதவுகளைக் கண்டு அவர்கள் சோர்ந்துவிடவில்லை. 2010-இல் பிரிட்டன் சாகோஸைச் சுற்றிலும் கடல்வாழ் உயிரினங்களின் காப்பிடம் என்று பிரகடனம் செய்தது. மீனைக் காக்கும் புண்ணிய காரியம். ஆனால் விரட்டப்பட்ட மனிதர் திரும்பிவந்து மீன் பிடித்துப் பிழைப்பதற்கு அதுவே தடை. கடற்சட்ட ஒப்பந்தத்தின்கீழ் மத்தியஸ்த மன்றத்துக்கு மொரீஷியஸ் சென்றது. காப்பிடத்தை ஏற்படுத்திய முறை சட்டத்துக்கு விரோதம் என்று 2015 மார்ச்சில் தீர்ப்பாயிற்று. சிறிய துவாரம்தான், வெளிச்சம் உள்ளே வர அது போதும்.

ஓட்டுச் சேர்த்த விதம்

எஞ்சியிருந்தது பொதுச் சபை. அங்கே ரத்து அதிகாரம் கிடையாது. சீனாவுக்கும் ஓர் ஓட்டு, மொரீஷியஸுக்கும் ஓர் ஓட்டு. ஒரு சட்டப் பிரச்னையைக் குறித்துச் சர்வதேச நீதிமன்றத்தின் ஆலோசனை அபிப்பிராயத்தைக் கேட்கும் உரிமையும் அச்சபைக்கு உண்டு. கேட்பது சபையேயாதலின் பிரிட்டனின் சம்மதம் வேண்டியதில்லை. இந்த வழியைக் கண்டதுதான் அவர்களுடைய ராஜதந்திரத்தின் உயிர்நிலை.

ஆனால் வழி இருந்தால் போதுமா? ஓட்டு வேண்டும். முதலில் ஆப்பிரிக்காவைப் பிடித்தார்கள். டீகோ கார்ஷியாவை மொரீஷியஸுக்குத் திருப்பித்தர வேண்டுமென்று ஆப்பிரிக்க ஒற்றுமை ஸ்தாபனம் 1980-லேயே தீர்மானித்திருந்தது. வருஷந்தோறும் அதைப் புதுப்பித்து, அணிசேரா நாடுகளின் மகாநாடுகளிலும் இடம்பெறச் செய்து, ஒரு தீவின் முறையீட்டை ஒரு கண்டத்தின் கோரிக்கையாக ஆக்கினார்கள். 2016 செப்டம்பரில் பொதுச் சபையின் நிகழ்ச்சி நிரலில் விஷயம் ஏறியது. ஏறியவுடன் ஓட்டுக்கு விடாமல், பிரிட்டனோடு பேச அவகாசம் கொடுத்துக் காத்தார்கள். பேச்சு பலிக்கவில்லை என்பதை உலகம் கண்டபின்பே பிரேரணையைக் கொண்டுவந்தார்கள். அவகாசம் கொடுத்தவனை அவசரக்காரன் என்று யார் குறை கூற முடியும்?

இது இரு நாடுகளுக்குள் உள்ள சொந்தத் தகராறு. பொதுச் சபை தலையிடலாகாது என்று பிரிட்டன் வாதாடிற்று. 1965-ஆம் ஆண்டு லண்டன் பேச்சில் கலந்துகொண்டவர்களில் உயிரோடிருந்த முதியவர் அனிருத் ஜகநாத் நேரில் வந்து சபைக்கு அன்று நடந்ததை எடுத்துரைத்தார். 2017 ஜூன் 22-ஆம் தேதி ஓட்டு எடுத்தபோது ஆதரவு 94, எதிர்ப்பு 15, நடுநிலை 65. இந்தியா ஆதரித்தது. ஐரோப்பிய யூனியனிலிருந்து விலகப் பிரிட்டன் தீர்மானித்திருந்த சமயம் அது. பிரான்ஸும் ஜெர்மனியும் துணைக்கு வராமல் நடுநிலை வகித்தன. தோழமையை அறுத்துக்கொண்டவன் ஓட்டு நாளில் தனியே நின்றான்.

அதே ஆண்டு நவம்பரில் மற்றோர் அடி. சர்வதேச நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி ஸ்தானத்துக்கு நமது தல்வீர் பண்டாரியும் பிரிட்டிஷ் வேட்பாளரும் பல சுற்றுகள் போட்டியிட்டனர். பொதுச் சபையின் பெரும்பான்மை பண்டாரியின் பக்கமே நின்றதால் பிரிட்டன் பின்வாங்கியது. 1946-இல் நீதிமன்றம் ஏற்பட்டதிலிருந்து பிரிட்டிஷ் நீதிபதி இல்லாமற்போனது அதுவே முதல் தடவை.

2018 செப்டம்பரில் ஹேக் நகரில் விசாரணை நடந்தது. சட்ட நிபுணர்களின் வாதங்களுக்கு நடுவே, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சாகோஸ் மூதாட்டியின் பேச்சைப் படம்பிடித்துக் காட்டினார்கள். கர்ப்பிணியாகக் கப்பலில் ஏற்றப்பட்டதையும் பிறந்த குழந்தை இறந்ததையும் அவர் தம் கிரியோல் மொழியில் சொன்னார். பிறந்த இடத்திலேயே சாக விரும்புவதாகவும் சொன்னார். 2019 பிப்ரவரி 25-ஆம் தேதி நீதிமன்றம் 13 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் அபிப்பிராயம் கூறியது. மொரீஷியஸின் விடுதலை சட்டப்படி முழுமை பெறவில்லை; பிரிட்டன் கூடிய சீக்கிரத்தில் சாகோஸ் நிர்வாகத்தை முடித்துக்கொள்ளக் கடமைப்பட்டது என்பது அதன் சாரம். மே 22-ஆம் தேதி பொதுச் சபை ஆறு மாதக் கெடு விதித்தது. ஆதரவு 116, எதிர்ப்பு ஆறே. பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இஸ்ரேல், ஹங்கேரி, மாலத்தீவு ஆகியவையே அந்த ஆறு.

கெடு கடந்தது, பிரிட்டன் அசையவில்லை. அப்போதும் மொரீஷியஸ் கூச்சலிடவில்லை. ஒவ்வொரு சர்வதேச ஸ்தாபனமாகச் சென்று கதவைத் தட்டியது. ஐக்கிய நாடுகளின் தேசப்படத்தில் சாகோஸ் மொரீஷியஸின் பகுதியாயிற்று. சர்வதேசத் தபால் யூனியன் 2021-இல் அந்தக் குடியேற்ற நாட்டின் தபால் முத்திரைகளை அங்கீகரிப்பதில்லை என்று தீர்மானித்தது. ஒரு நாட்டின் தபால்தலை கடிதத்தில் செல்லாதென்றால் அந்த நாட்டின் அதிகாரம் எங்கே செல்லும்? 2022 நவம்பரில் பிரிட்டன் பேச்சுக்கு இணங்கியது. 2024 அக்டோபர் 3-ஆம் தேதி சாகோஸின் அரசுரிமை மொரீஷியஸுக்கே என்று கூட்டறிக்கை வந்தது. 2025 மே 22-ஆம் தேதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதைச் சட்டமாக்கும் விஷயத்திலும் அமெரிக்காவின் மனப்போக்கிலும் சச்சரவு அதன் பின்னும் நீண்டது. எனினும், 1965-இல் செய்தது சரியே என்று வாதாடிவந்த பிரிட்டன் தன் கையாலேயே அதற்கு மாறாக எழுதிக் கொடுத்தது என்பதை எவரும் அழிக்க முடியாது.

தீராத குறை

இவ்வளவும் பாராட்டத்தக்கதே. ஆனால் பாராட்டுரையோடு நிறுத்திக்கொண்டால் நாம் பத்திரிகைக் கடமையில் தவறியவர்களாவோம்.

உடன்படிக்கையின்படி டீகோ கார்ஷியாத் தளம் 99 வருஷங்களுக்குப் பிரிட்டன் வசத்திலேயே இருக்கும். அதற்காகப் பிரிட்டன் வருஷத்துக்குச் சராசரி 10 கோடியே 10 லட்சம் பவுன் கொடுக்க வேண்டும். மற்றத் தீவுகளில் ஜனங்களைக் குடியேற்ற மொரீஷியஸுக்கு உரிமையுண்டு. டீகோ கார்ஷியாவில் கிடையாது. அங்கே பிறந்தவர்கள் தங்கள் ஊருக்குக் குடிபோக முடியாது. பேச்சு நடந்த அறையில் சாகோஸ் ஜனங்களுக்கு ஒரு நாற்காலியும் போடப்படவில்லை. கையெழுத்தான தினத்தின் அதிகாலையில் இரண்டு சாகோஸ் பெண்கள் லண்டன் உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றார்கள். சில மணி நேரத்தில் தடை நீங்கியது, கையெழுத்தும் விழுந்தது. 1965-இலும் அவர்களை யாரும் கேட்கவில்லை, 2025-இலும் கேட்கவில்லை. சாகோஸ் ஜனங்களுக்குள்ளேயே மொரீஷியஸை ஆதரிப்போரும் உண்டு, எதிர்ப்போரும் உண்டு. அந்த அபிப்பிராய பேதமே, அவர்களைக் கேட்டிருக்க வேண்டும் என்பதற்குச் சான்று.

சுயநிர்ணய உரிமை என்ற பேரைச் சொல்லித்தான் மொரீஷியஸ் 116 ஓட்டு வாங்கியது. அவ்வுரிமை தேசங்களுக்கு மட்டும் உரியது, ஜனங்களுக்கு அன்று என்று சொல்வது முறையாகுமா?

இது நம்மைத் தொடாத விஷயமென்று எண்ண வேண்டாம். 2021 அக்டோபரில் இலங்கைத் தமிழர் சிலர் ஒரு மீன்பிடி படகில் தென்னிந்தியக் கரையிலிருந்து கனடாவுக்குப் புறப்பட்டு, நடுக்கடலில் படகு பழுதாகி டீகோ கார்ஷியாவில் கரை சேர்க்கப்பட்டார்கள். குடியிருப்பு ஜனங்களே இல்லாத அத்தீவில் வேலியிட்ட கூடாரங்களில் மூன்று வருஷம் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களைச் சிறைவைத்தது சட்டவிரோதம் என்று 2024 டிசம்பரில் அப்பிரதேசத்து நீதிபதியே தீர்ப்பளித்தார். நம் ஊர் எல்லையிலுள்ள கொட்டப்பட்டு முகாமைப் பார்த்தவர்களுக்கு, சொந்த மண்ணை இழந்தவன் பிறர் மண்ணில் எவ்வாறு காலம் கழிக்கிறான் என்பதை விளக்க வேண்டியதில்லை. குடிகளை ஓட்டி வெறுமையாக்கிய தீவிலே குடியிழந்த தமிழர் சிறையிருந்தார்கள் என்பது நமக்கு நெஞ்சைச் சுடும் செய்தி.

இந்தியாவின் கடமை

இந்தியா இவ்வழக்கில் மொரீஷியஸின் பக்கம் நின்றது. அது சரியான செய்கை. ஆனால் இன்று நாம் சிறிய தேசமல்ல. மொரீஷியஸுக்குச் சொந்தமான அகலேகாத் தீவில் இந்தியாவின் உதவியால் கட்டப்பட்ட விமான ஓடுபாதையும் கப்பல் துறையும் 2024 பிப்ரவரி 29-ஆம் தேதி திறக்கப்பட்டன. அத்தீவில் சில நூறு பேரே வாழ்கின்றனர். சாகோஸ்காரர் கதி தங்களுக்கும் வருமோ என்று அவர்களில் சிலர் அஞ்சியதாகச் செய்திகள் வந்தன. அந்த அச்சம் வீண் என்று இரு சர்க்கார்களும் கூறியிருக்கின்றன. கூறினால் மட்டும் போதாது. அங்கே என்ன நடக்கிறது, எதற்காக நடக்கிறது என்பதை ஒளிவுமறைவின்றி வெளியிட வேண்டும். அந்தச் சில நூறு பேரின் சம்மதத்தை ஒரு பெரிய தேசத்தின் ஒப்பந்தத்தைப்போல் மதிக்க வேண்டும். பிரிட்டனை எதிர்த்து ஓட்டளித்த கை பிரிட்டனைப்போல் நடந்துகொள்ளலாகாது.

சிறு தேசங்கள் மொரீஷியஸிடம் கற்கவேண்டிய பாடம் பொறுமை. வழக்கைப் பிறர் கோபமாக்காமல் பிறர் நியாயமாக்கிக் காட்டினால் ஓட்டுகள் தாமே வரும். பெரிய தேசங்கள் கற்க வேண்டியது அடக்கம்; அறுபது வருஷம் கழித்தாவது கணக்குக் கேட்கப்படும். நம் தமிழ் அரசியல் தொண்டர்கள் கற்க வேண்டியது மூன்றாவது ஒன்று. சபைகளில் தீர்மானம் நிறைவேறுவது வேலையின் பாதிதான். யார் பேரால் தீர்மானம் செய்தோமோ அவர்கள் வீடு திரும்பினார்களா என்று பார்ப்பது மறு பாதி. ஹேக் நகரில் அந்த மூதாட்டி கேட்டது அரசுரிமையன்று. பிறந்த ஊரில் ஒரு குடிசை. அது அவருக்குக் கிடைக்கும் நாளில்தான் மொரீஷியஸ் வென்றது என்று நாம் ஒப்புவோம்.